பின்னால் இரண்டு அடி

பழைய பிக்கப் ஒன்றின் அடிக்கட்டான சேஸில் இடது சட்டத்தை அறுத்து முடித்து, வலது சட்டத்தில் பாதி போயிருந்தபோது துரைசாமி கேஸ் கட்டரை அணைத்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, கடைசியா ஒருக்கா கேட்டுக்கறேன். அறுத்துப் போட்டதுக்கப்புறம் வந்து ஒட்ட வெய்யின்னு சொல்லப்படாது.”

“சொல்ல மாட்டேன். அறுங்க.”

“இல்லீங்க, இந்த வெல்டிங்கப் பாருங்க. இத்தன வருசத்துல ஒரு கீறல் உடல. போட்டவன் கையக் கண்ணுல ஒத்திக்கலாம்.”

அவர் மறுபடி நெருப்பைப் பற்ற வைத்தார். ஆடி மாதக் காற்று பட்டறைக்குள் புகுந்து பொறிகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனது. பெயிண்ட் எரிகிற வாடை. முதலில் மஞ்சள் பொசுங்கியது, அதற்கடியில் நீலம், அதற்கடியில் ஏதோ பச்சை. கடைசி விரற்கடை அறுபட்டதும் இரண்டு சட்டங்களும் குறுக்குக் கம்பியோடு சேர்ந்து தரையில் விழுந்தன. அந்த அதிர்வு என் செருப்பு வழியாகக் காலுக்கு ஏறியது.

சரியாக இரண்டு அடி. டேப் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அதை வரைந்தவன் நான்.

தேதி இல்லாத அத்தியாயம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். கிழமை, தேதி, அன்று மழை பெய்ததா என்பது வரை எழுதாமல் நான் ஒரு சம்பவத்தையும் விட்டதில்லை. பள்ளியை முடித்த ஆண்டு தொடங்கிய நாட்குறிப்பு இன்னும் ஒரு நாள்கூட விடாமல் ஓடுகிறது. மூன்று வாரங்களுக்கு முன் எழுதிய ஒரு அத்தியாயத்தில் கிழமை தவறு என்று ராசிபுரத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சரிபார்த்தேன். தவறு அவருடையது.

ஆனால் இந்த அத்தியாயத்தில் தேதிகள் இருக்காது. எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் குடும்பத்தில் வருடா வருடம் படையல் போடும் நாள். அதை அச்சில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றை எழுதுவதும் சரியாகப் படவில்லை.

யாரும் வந்தபடி ஓட்டுவதில்லை

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் புது வண்டியை யாரும் வந்தபடி ஓட்டுவதில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரம் டயரில் காய்வதற்குள் வண்டி பட்டறைக்கு வந்துவிடும். பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். பக்கப் பலகையை உயர்த்த வேண்டும். முன்னால் இரும்புக் கம்பியில் ஒரு காப்பு. கம்பெனி கொடுத்ததை அப்படியே ஓட்டுகிறவனை விவரம் போதாதவன் என்றுதான் இங்கே நினைப்பார்கள். லாரிக்கு வெறும் சேஸை வாங்கிவந்து மேலே எல்லாவற்றையும் நாமே கட்டிப் பழகிய ஊர். சின்ன வண்டியையும் அதே கண்ணால்தான் பார்ப்போம்.

நான் வேலை பார்த்ததும் அப்படி ஒரு பாடி கட்டும் பட்டறையில்தான். வெல்டர் இல்லை, தச்சர் இல்லை. அளவு எடுத்து வரைந்து கொடுப்பவன். பழுப்புக் காகிதத்தில் வரைவேன், பிறகு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவில் போட்டுக் காட்டுவேன். என் கோடு தப்பாது என்று பட்டறையில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் தம்பி செல்வராஜ், எங்களுக்குச் செல்வன், சேந்தமங்கலத்தில் இருந்தான். சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கினான். வெள்ளை நிறம். கொல்லிமலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் இறக்கிக் கடைகளுக்குப் போடுவது தொழில். வண்டி வந்த பத்தொன்பது நாள் அதில் ஒரு ஆணிகூடக் கூடுதலாக அடிக்காமல் ஓட்டினான். இருபதாவது நாள் நான்தான் அவனைப் பட்டறைக்கு வரச் சொன்னேன்.

பின்னால் இரண்டு அடி நீட்டினால் ஒரு வரிசைத் தார் கூடுதலாக ஏறும் என்றேன். அவன் வண்டியைச் சுற்றி வந்து பின்கதவில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“கம்பெனிக்காரன் ரோசன பண்ணித்தானுங்கண்ணா இந்த நீளம் வெச்சிருப்பான்?”

“கம்பெனிக்காரன் என்னைக்காச்சும் வாழைத்தார் ஏத்திக்கிட்டுக் கொல்லிமல எறங்கியிருக்கானாடா?”

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். செல்வனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் வேண்டாம் என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. அது எனக்கு அன்று தெரியவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது: ‘செல்வன் வண்டி. பின்னால் இரண்டு அடி. வரைந்து கொடுத்தேன். மாலை தூறல்.’

கல்வெட்டுகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அரசனின் ஆண்டு இருக்கும், நிலத்தின் அளவு இருக்கும், நான்கு எல்லைகளும் இருக்கும். கொடுத்தவன் மனதில் என்ன இருந்தது என்பது மட்டும் அநேகமாக இருக்காது. அந்தக் குறையை நான் பல கட்டுரைகளில் சொல்லியிருக்கிறேன். என் நாட்குறிப்பும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

வாழைத்தாரும் சிமெண்டும்

இறங்கும்போது வாழைத்தார். ஏறும்போது வெறும் வண்டியாகப் போவானேன் என்று, மலையில் வீடு கட்டுகிறவர்களுக்கு சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு போவான். இது எனக்குத் தெரியும். பலமுறை அவனே சொல்லியிருக்கிறான். ஆனால் அளவு போட்ட அன்று நான் வாழைத்தாரை மட்டுமே நினைத்து அளந்தேன்.

பின்சக்கரத்துக்கும் பின்னால் போய் உட்கார்கிற பாரம் முன்பக்கத்தைத் தூக்கும். சமதரையில் அது தெரியாது. ஏற்றத்தில், அதுவும் கொண்டை ஊசி வளைவில், முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். வண்டி திரும்பாது.

காரவள்ளி தாண்டி மலை ஏறும் பாதையில் அப்படி ஒரு வளைவில், காலை வேளையில், செல்வனின் வண்டி திரும்பவில்லை. பின்னோக்கிச் சரிந்து இரண்டு மரங்களுக்கு நடுவே போய் நின்றது. கேபின் அவ்வளவாக நசுங்கவில்லை. கதவு திறந்து கிடந்தது. செல்வன் வண்டிக்குள் இல்லை. சரிவில், வெகு கீழே கிடந்தான்.

இழவு வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தூக்கம் என்றார்கள், பிரேக் என்றார்கள், மூட்டை அதிகம் என்றார்கள். இரண்டு அடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நாற்காலிகள் எடுத்துப் போட்டேன். வந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்தேன்.

தம்பி மனைவி மகேஸ்வரி அன்றும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்து மகளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தாள். நான் போனால் காப்பி. தீபாவளிக்கு முறுக்கு டப்பா. ‘மாமா’ என்ற அழைப்பில் ஒரு நாளும் குறைவில்லை. வரைந்தது நான்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும். இத்தனை வருடங்களில் நான் செய்யாமல் விட்ட காரியம் அது ஒன்றுதான்.

நடுகல்லுக்குப் பின்னால்

சில வருடங்களுக்கு முன் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு நடுகல் பார்க்கப் போனேன். வயல் ஓரத்தில் பாதி புதைந்த கல். வாள் ஏந்திய ஒரு வீரன், பக்கத்தில் ஒரு பெண். எழுத்து ஏதும் இல்லை. அவன் எந்த வருடம் செத்தான் என்று கண்டுபிடிக்க வழியில்லாததால் எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னாலிருந்த விசைத்தறிக் கொட்டகை நிழலில் போய் ஒதுங்கினேன். அங்கே, சீமைக்கருவேல முள்ளுக்குள், ஒரு பிக்கப் நின்றது.

அதை வண்டி என்று சொல்ல வாய் கூசியது. கேபின் கூரையை வெட்டி உயர்த்தி மேலே கோழிக் கூண்டு அடித்திருந்தார்கள். முன்பக்கக் கிரில் போய், அந்த இடத்தில் ஜன்னல் கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கை ஏதோ பழைய பஸ்ஸினுடையது. கண்ணாடிகள் மோட்டார் சைக்கிளினுடையவை. மஞ்சள் பெயிண்ட் உரிந்து நீலம் தெரிந்தது.

நான் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். சேஸ் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு முக்கோணத் தகடு. மூன்று முனைகளையும் வட்டமாகத் தேய்த்த தகடு. அப்படித் தேய்க்கச் சொல்லி வரைவது நான் வேலை பார்த்த பட்டறையில் நான் ஒருவன்தான். சேஸ் எண்ணைச் சுரண்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, செல்வன் வண்டி எடுத்த நாளில் எண்ணை எழுதி வைத்திருந்த நாட்குறிப்பைத் திறந்தேன். ஒரு எழுத்து மாறவில்லை. விபத்துக்குப் பிறகு விற்றுக் கைமாறிப் போன அதே வண்டி.

மறுநாள் தறிக்காரரிடம் போய் வண்டியைக் கேட்டேன். தறிச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“வண்டிங்களா? அது கோழிக்கூடுங்க. அடியில சக்கரம் இருக்கறதால வண்டிங்கறோம்.”

“எனக்கு வேணும்.”

“கோழி வளக்கறீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குங்க?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எடுத்துக்கங்க. கோழிய மட்டும் எறக்கி உட்டுட்டுப் போங்க” என்றார்.

பத்தியம்

துரைசாமியின் பட்டறை திருச்சி ரோட்டில் இருக்கிறது. டிங்கரிங், வெல்டிங் இரண்டும் செய்வார். என்னிடம் ஒரு புகைப்படம் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாட்களுக்குள் கோயில் வாசலில் எடுத்தது. வெள்ளை வண்டி, பக்கத்தில் செல்வன், மகேஸ்வரி. அதை அவரிடம் காட்டி, இதில் இருப்பது போலவே வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றேன்.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“எல்லாரும் ஏத்துங்க, நீட்டுங்கன்னு வாராங்க. நீங்க ஒருத்தர்தானுங்க எறக்கு, கொறைன்னு வந்திருக்கீங்க. வண்டிக்குப் பத்தியம் வெக்கற மாதர இருக்குது. விக்கறதுக்குங்களா?”

“இல்ல. ஒருத்தருக்குக் காட்டணும்.”

“காட்டறதுக்கா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஆடியில் அறுத்தது. அடுத்த பங்குனி வரை வேலை நடந்தது. ஸ்பிரிங்கில் சேர்த்திருந்த கூடுதல் பட்டைகளைக் கழற்றியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கி நின்றது. கூரையை இரண்டு தரம் பற்றவைத்து இரண்டு தரமும் பிடிக்காமல் பிரித்தார். பின்கதவுக்காக சேலத்தில் பழைய சாமான் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கிடைத்தது கடைசியில் சங்ககிரியில், ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில், தீவனத் தொட்டிக்குத் தடுப்பாக. உரசி உரசிப் போகப்போக ஒரு நாள் ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு முதல் வெள்ளை தெரிந்தது. துரைசாமி அதைத் தொடாமல் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் நிறம் கலந்தோம்.

முன் பம்பரைக் கழற்றிய அன்று அவர் வண்டிக்கடியில் படுத்தபடியே கத்தினார்.

“இங்க ஒரு கூத்தப் பாருங்க. தண்டவாளத் துண்டு ஒண்ண போல்ட் போட்டு மாட்டியிருக்கான். ரெண்டு ஆளு தூக்கோணும் போல இருக்குது.”

“எதுக்கு?”

“முன்னாடி பாரத்துக்குத்தானுங்க. பின்பக்கம் நீட்டுனதுல முன்பக்கம் தூக்கியிருக்கும். நீட்டுனத அறுக்கறத உட்டுட்டு முன்னாடி ஒண்ணக் கட்டியிருக்கான் பாருங்க. நம்மாளுகளுக்கு எடுக்கறதுன்னாத்தான் ஆகாதே, சேக்கத்தான் தெரியும்.”

துருப்பிடித்த அந்த இரும்பைத் தரையில் வைத்தார். எந்தக் கைக்கு வண்டி போனபோது அது சேர்ந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் வந்தவர்களில் யாரோ என்று எழுதி வைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி.

சேந்தமங்கலம்

வெயில் ஏறுவதற்கு முன் நானே ஓட்டிக்கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை நாட்குறிப்பில் இரண்டு பக்கம் வரிசைப்படி எழுதிப் பார்த்திருந்தேன். சொல்லிவிட்டு வண்டியை அவள் வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவதாக எண்ணம்.

மகேஸ்வரி வாசலில் பச்சைத் தார்ப்பாயைப் பரப்பி, நடுவில் உட்கார்ந்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊசி, நூல்கண்டு, இரும்பு டேப்.

“வாங்க மாமா. ஏனுங்க, போன் பண்ணாம வந்திருக்கீங்க?” என்று எழுந்தவள் வண்டியைப் பார்த்தாள்.

கீழே இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நடந்தாள். எதையும் தொடவில்லை. ஓட்டுநர் கதவுக்கு எதிரே மட்டும் ஒரு முறை நின்றாள்.

“அதே வண்டிங்களா?”

“அதே வண்டிதான் அம்முணி. நம்பரு பாத்தேன்.”

“வாங்குனப்ப இப்படியேதான் இருந்துச்சுங்களா?”

“இப்படியேதான் இருந்துச்சு.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், பின்கதவைப் பார்த்தபடி கேட்டாள்.

“இதுக்கு என்னங்க மாமா கொறச்சலா இருந்துச்சு?”

வரிசைப்படி எழுதி வைத்த இரண்டு பக்கத்தில் ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை.

“நான்தான் அம்முணி. நீட்டச் சொன்னதும் நான், வரைஞ்சு குடுத்ததும் நான். அவன் கம்பெனிக்காரன் வெச்சதே இருக்கட்டும்னுதான் சொன்னான்.”

“தெரியுமுங்க.”

காற்றில் தார்ப்பாயின் ஓரம் எழுந்து படபடத்தது. அவள் போய் அதன்மேல் ஒரு கல்லை நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

“மேல ஏறறப்ப முன்னாடி லேசாகுதுன்னு மூணு நாலு தரம் சொன்னாருங்க. அப்படின்னா அதய அறுத்துப் போட்டுட்டு வாங்கன்னு நானுஞ் சொன்னேன். அண்ணன் அளந்து போட்டது மகேசு, அதுல தப்பு இருக்காது, முன்னாடி பாரம் பத்தல அவ்வளவுதான்னாரு. எங்கியோ போயி ஒரு தண்டவாளத் துண்டத் தூக்கியாந்து மாட்டுனாருங்க. அதுக்கும் கேக்கலீன்னா இன்னொண்ணு மாட்டிக்கலாம்னாரு.”

நான் வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“இத்தன வருசம் நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அம்முணி.”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க. வருவீங்க, பேப்பர் படிப்பீங்க, காப்பி குடிப்பீங்க, போயிருவீங்க. ரெண்டு மூணு வருசம் ஒவ்வொருக்காவும் இன்னைக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன். அப்புறமேட்டு அப்படி இருந்ததும் உட்டுப்போச்சு.”

குரலில் கோபம் இல்லை. அளவு தவறிய துணியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

பிறகு தார்ப்பாய் பக்கத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். முனையைப் பின்கதவில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன். லாரிகளை அளந்து பழகிய கை. பின்னோக்கி நகர்ந்து, இரண்டு அடி வந்ததும் நின்று, அந்த இடத்தில் காற்றில் கட்டைவிரலை வைத்தாள்.

“இவ்வளவுதானுங்களா மாமா?”

“இவ்வளவுதான்.”

அவளுக்கும் வண்டிக்கும் நடுவே டேப் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு முனையை விடச் சொன்னாள். விட்டேன். டேப் சடக்கென்று உள்ளே ஓடியது.

“வண்டிய இங்க உட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் அம்முணி.”

“வேண்டாமுங்க. ஓட்டிட்டுப் போயிருங்க. மதியத்துக்குள்ள இந்தத் தார்ப்பாயத் தச்சுக் குடுக்கோணும்.”

உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவள் மறுபடி தார்ப்பாயின் நடுவில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.

நாமக்கல் வருகிற வழியில் ஒரு திருப்பத்திலும் வேகம் குறைக்கவில்லை. குறைக்கத் தேவைப்படவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் தரையை இறுகப் பிடித்துக்கொண்டு போயின. ஸ்டீயரிங் நல்ல கனமாக இருந்தது. முதல் பத்தொன்பது நாளும் செல்வன் கையில் அது இப்படித்தான் இருந்திருக்கும்.